மேய்ச்சல் நிலத்தில் ஒரு குடிசை

எண்பத்திரண்டாம் வருசம், ஆவணி நாலாம் தேதி, காலை ஏழரை மணி.

“இந்தக் குடிசை யாரோடது?” என்றார் வருவாய் ஆய்வாளர் அர்த்தநாரி.

“என்னோடதுங்க,” என்றார் செங்கோடன்.

எருமப்பட்டிக்குக் கிழக்கே, ஊருக்குப் பொதுவான நாற்பத்திரண்டு ஏக்கர் மேய்ச்சல் நிலம். அதன் நடுவே புதிதாக ஒரு சோளத்தட்டுக் குடிசை. சுற்றிலும் பாதி ஊர் நின்றது.

அர்த்தநாரி சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். “மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. ஊர் நெலத்தை நீங்க வளைச்சுட்டீங்கன்னு. நெசந்தானா?”

“நெசந்தானுங்க.”

ஆடுகளோடு நின்ற பாவாயி தலையில் அடித்துக்கொண்டாள். “ஏனுங்ண்ணா, இங்க ஒரு முள்ளு வெட்டுனாலே சண்டைக்கு வருவீங்களே. எங்க ஆடு மேயோணும்னு பதினாறு வருசமா ஆபீசு ஆபீசா நடந்தது நீங்கதானே? உங்களுக்கே இந்தப் புத்தி வரலாமுங்களா?”

செங்கோடன் தரையைப் பார்த்தார்.

பக்கத்து நிலத்துக்காரர் சின்னண்ணன் சிரித்தார். “காவக்காரனுக்கே பசி எடுத்துருச்சாட்ட இருக்குது பாவாயி. குடிசையப் பிரிக்கச் சொல்லுங்க சார், வேலை முடிஞ்சுது.”

“அப்படி முடியாதுங்க. ஆக்கிரமிப்புன்னு புகார் வந்துட்டா, மொத்த நெலத்தையும் அளந்து நாலு மூலைக்கும் கல்லு நட்டுத்தான் அறிக்கை எழுதோணும்,” என்றார் அர்த்தநாரி.

“இத்தனூண்டு குடிசைக்கு நாலு மூலையுமா?”

சின்னண்ணனின் சிரிப்பு குறைந்தது.

அவரோடு வந்திருந்த சர்வேயர் அளவுச் சங்கிலியைப் போட்டார். மாலை நாலு மணிக்குள் மூன்று கல் நட்டாயிற்று. நாலாவது கல்லின் இடம், சின்னண்ணனின் கோழிக்கொட்டாயைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது.

சர்வேயர் இரண்டாம் முறையும் அளந்தார். அதே இடம்.

“மூணு ஏக்கர் உள்ள வந்துட்டீங்க,” என்றார். “கொட்டாய் நிக்கிறது ஊர் நெலத்துல. நோட்டீஸ் வரும்.”

“அடி ஆத்தா!” என்றாள் பாவாயி.

சின்னண்ணனுக்கு முகம் கறுத்தது. “எந்தப் பாவி அந்தக் கடுதாசிய எழுதுனான்?” என்று கத்தினார்.

செங்கோடன் தன் குடிசையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த சோளத்தட்டைக் கீழே போட்டார்.

“நாந்தான்.”

அர்த்தநாரி கடிதத்தை மறுபடி பிரித்துப் பார்த்தார்.

செங்கோடன் அவர் பக்கம் திரும்பினார். “அளந்து கல்லு நடுங்கன்னு, கையெழுத்துப் போட்டு பதினாறு வருசம் மனுக் குடுத்தேனுங்க. ஒருத்தரும் வரலை. கையெழுத்தில்லாம என் மேலயே ஒண்ணு எழுதிப் போட்டேன், எட்டே நாள்ல வந்துட்டீங்களே, அது ஏனுங்க?”