ஒரு முழ ஒயர்

“பவர் ஹவுஸ்லேர்ந்து நம்ம வீட்டுச் சுவர் வரைக்கும் சாதாரணக் கம்பியில வர்ற கரண்ட், கடைசி ஒரு முழம் உங்க ஒயர்ல வந்ததும் குளிச்சு முழுகிச் சுத்தமாயிடுமா?”

இயற்பியல் டீச்சரைக் கட்டிக்கொண்டால் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். பல் டாக்டர் காதில் போட்டுக்கொள்ளாமல் பெட்டியைப் பிரித்தார். உள்ளே பாம்பு மாதிரி தடியாக ஒரு பவர் ஒயர்.

பகல் முழுக்கப் பல் துளைக்கிற சத்தத்தோடு மாரடிக்கிற மனிதர். சாயங்காலம் இந்த மாடி அறையில் ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் அவருக்கு உயிர் வரும். அதிலும் மண் விழுந்து மூன்று மாதமாகிறது. பாட்டு மெல்லப் போகிற இடத்திலெல்லாம் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். ஃபிரிட்ஜை நிறுத்திப் பார்த்தார். ஃபேனை நிறுத்திப் பார்த்தார். மனைவியைக்கூடக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. செட்டை அணைத்த பிறகும் அது காதுக்குள் ஓடிக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது அவருக்கு.

“இதுலயும் போகலைன்னா?” என்றாள் டீச்சர்.

“செட்டைத் தூக்கி மூட்டை கட்டிடறேன். இந்த ரூமை உன் டியூஷனுக்கே எடுத்துக்கோ.”

“பேச்சு மாறக் கூடாது.”

“மாற மாட்டேன்.”

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கென்று இருப்பது இந்த ஓர் அறைதான்.

“அது சரி, வரும்போது படியில கீழ் வீட்டுக்காரர் உங்களை நிறுத்தி ஏதோ சொல்ல வந்தாரே. நின்னு கேட்டிருக்கலாம்ல? நீங்க பாட்டுக்கு அப்புறம் வர்றேன்னு பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துட்டீங்க.”

“பாட்டுச் சத்தம் அதிகமா இருக்கும்பார். வேறென்ன சொல்லப் போறார்?”

பழைய ஒயரைப் பிடுங்கினார். புதியதைச் சொருகினார். பாட்டு தொடங்கியது. மெல்லிய இடம் வந்தது. டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

இரைச்சல் இல்லை.

துளிகூட இல்லை. புல்லாங்குழல்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. டாக்டருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

டீச்சர் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாள். முகம் சுருங்கியது. “நிஜமாவே இல்லைங்க. எதுக்கும் பழைய ஒயரை மாட்டி இன்னொரு தடவை பார்த்துடலாமே?”

“பாஸ் ஆனவன் எதுக்கு மறுபடியும் பரீட்சை எழுதணும்?” என்று சட்டமாகச் சாய்ந்து உட்கார்ந்தார் டாக்டர். “உன் ஃபிசிக்ஸ் புத்தகத்துல இல்லாதது எவ்வளவோ இருக்கு டீச்சரம்மா.”

வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டுக்காரர். கசங்கிய சட்டை, தூங்காத கண்கள்.

“வாங்க, வாங்க! சத்தம் அதிகமா இருக்கா? இதோ குறைச்சுடறேன். ஆனா ஒரு நிமிஷம் இதைக் கேட்டுட்டுப் போங்களேன், என்ன சுத்தம்னு...”

“சத்தம் உங்களோடது இல்லை சார், எங்களோடதுதான். அதைச் சொல்லத்தான் படியில நிறுத்தினேன்.” அவர் தயங்கினார். “அம்மாவுக்கு ஆக்சிஜன் மெஷின் வச்சிருந்தோம். இந்த ரூமுக்கு நேர் கீழதான். மூணு மாசமா இரவு பகலா இரைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மேல எவ்வளவு தொந்தரவா இருந்திருக்கும்! ஆனா நீங்க ஒரு நாள்கூட முகம் சுளிக்கலை.”

டாக்டர் தடித்த ஒயரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் அவரைப் பார்க்கவில்லை.

“காலையில அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்பதான் மெஷினை நிறுத்தினோம்.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

“வண்டியில கொண்டு வந்துக்கிட்டிருக்காங்க சார்.” அவர் குரல் உடைந்தது. “பாட்டை மட்டும் இன்னைக்கு ஒரு நாள்...”

டாக்டர் எழுந்துபோய், புது ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.