ஏங்க

குகைக்குள் படி இறங்கும்போதே செங்காயிக்கு இரண்டு முட்டியும் கழன்றுவிடும்போல வலித்தது. பாதி ஆயுசு சுண்ணாம்புக்கல் குவாரியில் குந்தி உட்கார்ந்து கல் உடைத்த முட்டி. இன்றைக்கு டிக்கெட் வாங்கி அதே கல்லைப் பார்க்க மகள் கோமதி கூட்டி வந்திருந்தாள். குகைக் கூரையிலிருந்து கல் விழுதுவிட்டுத் தொங்கியது. "யார் பேரயாவது சத்தமாக் கூப்பிடுங்க, குகை திருப்பிக் கூப்பிடும்" என்றான் வழிகாட்டி. ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள்.

"அப்பா பேரக் கூப்புடேம்மா. இங்க எந்த மாமியாரு வந்து கேக்கப்போறா?" என்றாள் கோமதி.

"போடி, கழுத."

பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், குவாரியில் பாறை சரிந்ததை முதலில் பார்த்தவள் செங்காயிதான். "ஏங்க" என்று கத்தினாள். கீழே வேலை செய்த அத்தனை பேருடைய பெண்டாட்டியும் மேலே கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் புருஷனைக் கூப்பிடுவது "ஏங்க"தான். நாலு ஆம்பிளைகள் நிமிர்ந்து பார்த்து விலகி ஓடினார்கள். அவள் வீட்டுக்காரர் மட்டும், எவளோ எவனையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்தபடியே கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். பாறை அவர்மேல் வந்து உட்கார்ந்தது.

செங்காயி குகையின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டைப் பார்த்து நின்றாள். பேரின் முதல் எழுத்து நாக்குவரைக்கும் வந்தது. வாயைத் திறந்ததும் "ஏங்க" என்றுதான் விழுந்தது. குகை அதை உள்ளே உள்ளே கொண்டுபோனது. கோமதி சிரிக்கப் போனவள், அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பேர் சொல்லி ஒரு கூப்பாடு, அவருக்கு அவள் இன்னும் பாக்கி வைத்திருந்தாள்.