சொந்த வீட்டுக் கணக்கெடுப்பு

சாவி சட்டைப் பையில் இருக்க, கணக்கெடுப்பாளர் தன் வீட்டுக் கதவையே தட்டினார்.

அப்படித்தான் வரவேண்டும் என்று காலையிலேயே மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். ஊரில் எல்லார் வீட்டிலும் தட்டிவிட்டு, இங்கே மட்டும் மாப்பிள்ளை மாதிரி நுழைந்தால் எப்படி?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மாவட்டத்தில் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வீடு வீடாகக் கேட்பது அவர் உத்தியோகம். எந்தெந்த வீடு என்பதைத் தலைமை அலுவலகத்தில் ஒரு கணினி குலுக்கிப் போடும். இந்த முறை அது இவர் வீட்டையே எடுத்துவிட்டது. வேறு வீடு தரக் கேட்டுப் பார்த்தார். விதியில் அதற்கு இடமில்லை என்று மேலதிகாரி சிரித்தபடி போனை வைத்துவிட்டார்.

கதவு பாதி திறந்தது. அடையாள அட்டையைக் காட்டச் சொன்னாள். காட்டினார். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவள், படத்தில் முடி அதிகமாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டாள்.

"உள்ள வாங்க சார். செருப்பை வெளியவே விட்டுடுங்க."

சாப்பாட்டு மேசையில் துவைத்த துணி மலைபோலக் கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளி இடம் ஒதுக்கித் தந்தாள்.

பதினோரு வருஷ அனுபவம். வாசலில் கிடக்கும் காலணியே அவருக்குப் பாதிக் கணக்கைச் சொல்லிவிடும். வெள்ளைத் தூசி படிந்த பூட்ஸ் என்றால் கல்குவாரி. அது இப்போது தெருவுக்கு ஒரு ஜோடி தேறினால் பெரிது. நடந்தால் சத்தம் வராத மெத்தென்ற செருப்பு என்றால் முதியோர் இல்லம். அது பெருகிக்கொண்டே போகிறது. மரம் அறுக்கும் ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர் இன்று சாமான் கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறார். மரம் அதே மரம்தான், கொஞ்சம் மெலிந்துவிட்டது என்று போன முறை சொன்னார்.

எந்தத் தொழில் ஏறுகிறது, எது இறங்குகிறது என்பது அறிக்கை வருவதற்கு முன்பே இவருக்குத் தெரியும்.

இறங்குவதில் புதிதாக ஒன்று சேர்ந்திருப்பதை வீட்டில்தான் சொல்லவில்லை. வீடு வீடாகப் போகும் வேலை இந்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறது, மாற்று ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்று கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. எத்தனையோ முறை வாயெடுத்தார். ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒருநாள் அவளுக்குத் தலைவலி. ஒருநாள் காரணமே இல்லை.

இன்று தள்ளிப்போட முடியாது. வீட்டிலுள்ள ஒவ்வொருவரைப் பற்றியும், இந்த வேலை அடுத்த மாதமும் தொடருமா என்றொரு கேள்வி உண்டு. பதில் சொல்ல வேண்டியது அவள். இவர் எழுத்து மாறாமல் வாசிக்கலாம், சொன்னதைப் பதியலாம், அவ்வளவுதான். அவள் தொடரும் என்பாள். பொய்யென்று தெரிந்தே இவர் விரல் அதை அழுத்த வேண்டும். பதினோரு வருஷத்தில் அப்படி ஒன்றைக்கூட அழுத்தியதில்லை.

டேப்லெட்டை எடுத்துவைத்துத் தொண்டையைச் செருமினார்.

முதலில் அவளைப் பற்றி. வயதில் இரண்டைக் குறைத்துச் சொன்னாள். இவர் விரலைத் தூக்கியபடியே காத்திருந்தார். பெருமூச்சு விட்டு இரண்டையும் திருப்பிக் கொடுத்தாள்.

கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது ஊதியத்துக்கு வேலை செய்தீர்களா? செய்தாளாம்.

மூன்று மாதத்துக்கு முன் இருந்த அதே இடத்திலா? இதையெல்லாம் கேட்கவே வேண்டாம். கோழிக்கறி ஆலை, ஆறு வருஷம், காலை ஏழேகால் பஸ். விரல் தானாகவே 'ஆம்' பக்கம் போனது.

"இல்ல," என்றாள்.

விரல் அந்தரத்தில் நின்றது.

ஆலையை விட்டு மூன்று வாரம் ஆகிறதாம். புது இடத்துக்கும் அதே பஸ்தான், இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கிக்கொள்கிறாளாம். சம்பளத்தோடு பயிற்சி முடிந்து நேற்றுத்தான் வேலை ஆர்டர் கைக்கு வந்ததாம்.

இவருக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. படிவத்தில் இருந்தது ஒன்றுதான். அதை வாசித்தார். அங்கே உங்கள் பணி என்ன?

அவள் துணிக் குவியலிலிருந்து அவருடைய சட்டை ஒன்றை உருவினாள்.

"ஃபோன்ல கேள்வி கேக்குறது. வேலை இருக்கா, எங்க, எத்தனை மணி நேரம்னு. இனிமே வீடு வீடா ஆளு வரமாட்டாங்களாமே."

மாற்று ஏற்பாடு எதிரே உட்கார்ந்து சட்டைக் காலரை நீவிக்கொண்டிருந்தது.

தொழில்களின் பட்டியலில் அவர் தேட வேண்டியிருக்கவில்லை. அவருடைய வரிசை எண்தான் அவளுக்கும்.

அடுத்து, வீட்டின் இரண்டாவது நபர். அவர் வாசிக்க ஆரம்பிக்குமுன் அவளே தொடங்கிவிட்டாள்.

"இவரு எங்க வீட்டுக்காரரு. வேலை இந்த மாசத்தோட முடியுது. அவரே சொல்லட்டும்னுதான் சார் நானும் பாத்துட்டே இருந்தேன்."

'தொடராது' என்பதை அழுத்தினார். கடிதம் எப்படிக் கண்ணில் பட்டது என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. இந்த முறைதான் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அடுத்த முறை இந்த வீட்டை எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம்?

அவருடைய எண்ணை மனப்பாடமாக ஒப்பித்தாள்.

"நேரத்தை விடுங்க சார். பகல்ல அவரு வீட்டுலதான் இருப்பாரு. நானே கூப்பிட்டுக்கறேன்."

'எந்நேரமும்' என்று அவர் பதிந்தார்.