நான்கு மணிக்குள் ஓர் ஆட்சேபம்

"மேடம், மருந்தக் கலக்கட்டுமா? நாலு மணிக்குள்ள முடிச்சாகணும்னு செயலாளர் சொல்லியிருக்காரு."

வாசகர்களே, வந்து பாருங்கள் இந்தக் கொடுமையை! நூலகத்தின் படிப்பறை ஜன்னலுக்கு மேலே, சன்ஷேடுக்கு அடியில், முறம் அகலத்துக்கு ஒரு தேன்கூடு. இதுவரை எவரையும் கொட்டியதில்லை. எவரிடமும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. ஆயினும், 'கொட்டக்கூடும்' என்ற ஒரே குற்றச்சாட்டின்பேரில், விசாரணையின்றி, வாதமின்றி, பல்லாயிரம் உயிர்களுக்கு மரண தண்டனை விதித்துவிட்டது நூலக நிர்வாகக் குழு! அதை நிறைவேற்ற வந்த மருந்தடிப்பவர், முதுகில் டப்பாவுடன் நூலகர் மேசையருகே நின்றார்.

நூலகர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று.

"கொஞ்சம் பொறுங்கண்ணா. உறுப்பினர் ஒருத்தர், ஒரே ஒருத்தர், வேண்டாம்னு கைப்பட எழுதிக் குடுத்தாப் போதும். திங்கட்கிழமைக் கூட்டம் வரைக்கும் யாரும் கூட்டுல கை வைக்க முடியாது. அது விதி."

"அப்ப நீங்களே எழுதிடுங்களேன்."

"ஊழியர் எழுதினா செல்லாது."

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இருபத்திரண்டு பெயர்கள். இவர்களில் ஒருவராவது ஓடி வருவார் என்ற உறுதியோடு போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"எடுத்துடறதுதான் நல்லது மேடம். என் கார் அதுக்கு நேர் கீழதான் நிக்குது" என்றார் டாக்டர்.

"பாவம்தான். ஆனா எழுதிக் குடுத்துட்டு நாளைக்குச் செயலாளர் முகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார் வங்கி மேலாளர்.

"எனக்குப் பூச்சின்னாலே ஆகாதுங்க!" என்று சிரித்தபடி போனை வைத்தார் பேராசிரியை.

ஒவ்வொரு பெயராகக் கோடு விழுந்தது. கடைசிப் பெயருக்கும் விழுந்தபோது மணி மூன்றே முக்கால்.

"ஏன் மேடம், தேனீன்னா ஆகாதவங்களாப் பாத்துப் பொறுக்கியா போன் பண்ணீங்க?"

நூலகர் தாளைக் கவிழ்த்து வைத்தார். தலை குனிந்திருந்தது.

மருந்தடிப்பவர் டப்பாவைக் கழற்றித் தரையில் வைத்தார்.

"போன வருஷம் எங்க தெருவுல இருந்த கூட்டுக்கு நான்தான் அடிச்சேன். அதுலேர்ந்து எங்க வீட்டுப் பூசணி பூக்குது, பூக்குது, ஒண்ணுகூடக் காய்க்கல. என் பொண்டாட்டி காலையில பெயிண்ட் பிரஷ்ஷ எடுத்துக்கிட்டு பூவுக்குப் பூ தொட்டுட்டு வர்றா. 'தேனீ வேலைய என் தலையில கட்டிட்டியேய்யா'ன்னு தினமும் அர்ச்சனை."

நூலகருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"மேடம், இங்க உறுப்பினராச் சேர எவ்வளவு நேரமாகும்?"

"அஞ்சு நிமிஷம். ஏன்?"

"நானும் இந்த ஊர்க்காரன்தான். அடையாள அட்டை இருக்கு. படிவத்தக் குடுங்க. ஆனா ஒண்ணு, வாழ்க்கையில ஒரு புத்தகம்கூட நான் முழுசாப் படிச்சதில்ல. பரவாயில்லையா?"

மூன்று ஐம்பத்தைந்துக்கு, 'கூட்டைத் தொடக்கூடாது' என்ற கோணல் எழுத்து ஆட்சேபத்தின் மீது நூலக முத்திரை விழுந்தது.

"இப்பவாவது சொல்லுங்க மேடம். யாரு அந்த இருபத்திரண்டு பேரும்?"

நூலகர் தாளை அவர் பக்கம் திருப்பினார். தலைப்பை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்:

'இந்த ஆண்டு என் மனம் கவர்ந்த நூல் "தேனீயைக் கொல்லாதீர்": வாக்களித்த வாசகர்கள்.'

இதைப் படித்துத் தலையாட்டிக்கொண்டிருக்கும் பெருமக்களே, கூட்டம் திங்கட்கிழமை. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வாருங்கள்!