வளைவில் விரியாத வலைக்குழல்

“மூணாவது ஸ்டென்ட்டும் மடங்கணும்னு சட்டமா என்ன? இன்னொரு தடவை பாருங்க, டாக்டரம்மா,” என்கிறாள் லூப்பே. மேசைமேல் கிடப்பது அவளுடைய மூளை இரத்தக்குழாய். ஸ்கேனைப் பார்த்து வார்த்தெடுத்த கண்ணாடி போன்ற மாதிரி. உள்ளே தண்ணீர் ஓடுகிறது, அதன் வெளிச்சம் அவள் உள்ளங்கையில் நெளிகிறது. இரண்டாம் வளைவின் வெளிப்புறத்தில் திராட்சை அளவு வீக்கம். நாளைய சிகிச்சைக்கு இன்றைக்கு ஒத்திகை. டாக்டர் நைரீ, ஸ்டென்ட் எனும் வலைக்குழல் பொருத்திய மெல்லிய கம்பியை உள்ளே தள்ளுகிறார். நேரான இடத்தில் பூப்போல விரியும் ஸ்டென்ட், வளைவுக்கு வந்ததும் தட்டையாகிவிடுகிறது. தண்ணீரின் ஓட்டம் தளர்கிறது. “மிதிச்ச ஸ்ட்ரா மாதிரியே இருக்கு. பிடிவாதத்துல அப்படியே எங்கண்ணன்தான் இது,” என்று லூப்பே சிரிக்கிறாள். நைரீ கம்பியை வெளியே இழுக்கிறார். “சின்ன அளவும் போட்டுப் பாத்தாச்சு, லூப்பே. பலூன் வச்சு அழுத்தினா குழாயே கிழிஞ்சிடும். அந்த இடத்துக்குக் கத்தியும் போகாது.” ஆக்லாந்து மழை ஜன்னலில் வழிகிறது. கதவுக்கு வெளியே அவள் அண்ணன் தவீதாவும் தேவாலயச் சபையாரும் வெள்ளை உடையில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டென்ட் பொருந்திவிட்டது என்ற செய்தி வரும்வரை யார் வாயிலும் எதுவும் படாது என்று சபை நடுவில் எழுந்து சொன்னவர் தவீதா. இன்று மூன்றாம் நாள். விரதம் முடிக்கக் கொண்டுவந்த சேப்பங்கிழங்குக் கூடை கட்டு அவிழாமல் பெஞ்சின் கீழே இருக்கிறது. பாடலின் உச்சத்தை எட்டாமல் குரல்கள் உடைகின்றன. லூப்பே அந்த மாதிரிக் குழாயைத் துடைத்து, டாக்டர் பக்கம் நகர்த்தி வைக்கிறாள். “அவங்களைச் சாப்பிடச் சொல்லுங்க, டாக்டரம்மா. நான் சொன்னா கேக்கமாட்டாங்க.”