கூக்காலில் தமயந்தி

"அன்னக்கொடி அத்தை, செத்தப்போ குளிருச்சா?" என்று ஒரு சிறுமி தமயந்தியிடம் கேட்டாள். பழனியில் கடை நொடித்து, கணவன் பொன்னுவேலோடு மலைக்கிராமமான கூக்காலுக்கு வந்து டீக்கடை போட்டிருந்த முதல் வாரம் அது. அன்னக்கொடி அந்த வீட்டில் முன்பு இருந்தவள், காய்ச்சலில் இறந்துபோனவள்.

ஊரே தமயந்தியை அப்படித்தான் கூப்பிட்டது. அவளுக்கோ பழனியிலிருந்து கொண்டுவர முடிந்தது அவள் பெயர் ஒன்றுதான்.

"நான் தமயந்திங்க! எத்தனை தடவை சொல்றது?"

"கோவிக்காத அன்னக்கொடி," என்று சிரித்தார் டீ குடிக்க வந்த திருமலைச்சாமி. "ஒனக்கு எப்பவுமே மூக்குமேல கோவம்."

சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். ஒருநாள் பொன்னுவேலே, "அன்னக்கொடி, வெந்நி வையி" என்றான். அவன் அன்னக்கொடியைப் பார்த்ததுகூட இல்லை.

"வைக்கிறேன், இருங்க" என்றாள் அவள், சலிப்போடு.

மறுநாள் ஊர் முழுக்கத் தோட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், சந்தையில் வாங்கிய விதைப்பூண்டை மடியில் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு இருளாயியின் கொல்லைக்குப் போனாள். அன்னக்கொடி விதைக்கு வழியில்லாமல் நின்ற வருடம், யாருக்கும் தெரியாமல் இருளாயி கடனாகக் கொடுத்த அதே அளவு அது. அன்னக்கொடி இறந்த பிறகும் இருளாயி அதைப் பற்றி எவரிடமும் வாய் திறந்ததில்லை.

பூண்டைக் கதவோரம் வைத்து, மூடிய கதவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.