உள்ளே: ஒருவர்

கதவுப் பூட்டையும் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையையும் கவனிக்க உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் போர்டு போதும். அதில் எந்த ஓப்பன் சோர்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போடுவது என்பதில்தான் டெக்னீஷியனுக்கு மண்டை காய்ந்தது. சோதனை அறைக்குள் அவன் மட்டுமே இருந்தான். திரையோ 'உள்ளே: இருவர்' என்றது.

மெமரி கார்டை அழித்து வேறொரு சிஸ்டத்தைப் போட்டான். அதுவும் இருவர் என்றே சாதித்தது. சென்சாரைத் துடைத்தான். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, தன் புத்தியை நினைத்துச் சிரித்துக்கொண்டான்.

மூன்றாவது சிஸ்டம் ஓடத் தொடங்கியதும் கதவு தானாகத் திறந்து மூடிக்கொண்டது. திரையில் 'உள்ளே: ஒருவர்' என்று வந்தது. அப்பாடா என்று, தொழில் கூட்டாளியான மச்சானைப் போனில் கூப்பிட்டான்.

"மச்சான், சரியான சிஸ்டம் சிக்கிடுச்சு. வெளியே இருந்து கதவைத் திறங்க, உள்ளேயிருந்து திறக்க வரல."

மச்சான் போனை விலக்கி, பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டார்: "போனை உள்ளேயே விட்டுட்டு வந்துட்டியா? யாரோ எடுத்துப் பேசறாங்க பாரு."

பதில் சொன்னது டெக்னீஷியனுடைய குரலேதான். சாவகாசமாகச் சொன்னது.

"கட் பண்ணுங்க மச்சான். அந்த சிஸ்டமே இருக்கட்டும். இனிமே மாத்த வேண்டாம்."